புது வேகனுக்குப் பழைய அழுக்கு, ஒரு பலகைக்குள் ஒரு யார்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதிரி ரயில் செய்யும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டு விஷயங்கள். புதிதாக வாங்கிய வேகனைப் பல வருடம் ஓடியது போலக் காட்டுவது எப்படி? வீட்டில் இடமே இல்லாதபோது ஒரு லேஅவுட் (மாதிரி ரயில் ஓடத் தண்டவாளமும் சுற்றுப்புறமும் அமைத்த பலகை) போடுவது எப்படி? இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். எனக்கு இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான்: இந்த வேகன் எதை ஏற்றுகிறது, எங்கே நிற்கிறது? இது தெரிந்துவிட்டால் அழுக்கு எங்கே படியும் என்பது தெரிந்துவிடும், தண்டவாளத்தை எப்படிப் போடவேண்டும் என்பதும் தெரிந்துவிடும். கீழே வரும் பதில்களில் விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் ரயில் பாதையில், அரியலூர் பக்கம் இருப்பதாக நான் கற்பனை செய்துகொண்ட ஒரு சிறு யார்டை (சரக்கு வேகன்களை நிறுத்தி, பிரித்து, கோக்கும் இடம்) எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். அங்கே சிமென்ட் ஆலைகள் நிறைய. நிலக்கரி வருகிறது, சிமென்ட் போகிறது.

வெதரிங் என்று சொல்கிறார்களே, அது என்ன?

வெயில், மழை, தூசி, துரு, எண்ணெய், பிரேக் தூள் எல்லாம் சேர்ந்து நிஜ வண்டியின் மேல் செய்வதை, மாதிரியின் மேல் நாம் பெயின்ட்டாலும் பவுடராலும் செய்வது. பிளாஸ்டிக் மினுமினுப்பு போய், இரும்பின் எடை கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வேகனை நானே ஏன் கெடுக்க வேண்டும்?

கெடுக்க மனம் வரவில்லை என்றால் செய்யவேண்டாம். பெட்டியோடு பத்திரமாக வைத்துப் பிற்காலத்தில் விற்க நினைப்பவர் பெயின்ட்டைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஓட்டிப் பார்க்க வாங்கியவர் என்றால், முதல் பரிசோதனையை விலை குறைந்த வேகனிலோ உடைந்த பழைய வேகனிலோ செய்யுங்கள். கை பழக மூன்று வேகன் ஆகும். நான்காவதிலிருந்து பயம் போய்விடும்.

எதிலிருந்து தொடங்குவது?

பிளாட்பாரத்திலிருந்து. தூரிகை வாங்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஸ்டேஷனில் உட்கார்ந்து சரக்கு வண்டிகளைப் பாருங்கள். தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். அது ஆபத்து, சட்டப்படி குற்றமும்கூட. பிளாட்பாரத்திலிருந்தே எல்லாம் தெரியும்.

பார்க்கும்போது ஒவ்வொரு கறைக்கும் “நீ எங்கிருந்து வந்தாய்?” என்று கேட்டுப் பாருங்கள். வேகனின் இரு முனைச் சுவர்களிலும் நிலைக்குத்தாகச் சேற்றுக் கோடு இருக்கும், அது பக்கத்து வேகனின் சக்கரம் அள்ளி வீசியது. போகியிலும் (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) அடிச்சட்டத்திலும் செம்பழுப்புப் பொடி படிந்திருந்தால் வார்ப்பிரும்பு பிரேக் கட்டை தேய்ந்த தூள். சாம்பல் கலந்த கருப்பாக இருந்தால் பிரேக் கட்டை காம்போசிஷன் வகை, அதாவது பல பொருள் கலந்து செய்தது. பக்கச் சுவரில் பட்டைகள் சேரும் வெல்டிங் இடங்களிலிருந்து துரு கீழ்நோக்கி வடிந்திருக்கும். துரு பக்கவாட்டில் வடிவதில்லை. இது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் வெதரிங் செய்யும்போது மறந்துவிடுகிறோம்.

இன்னொன்று. ஒரே ரேக்கில் (ஒன்றாகக் கோத்து ஓடும் வேகன் தொடர்) வரும் வேகன்கள்கூட ஒரே மாதிரி அழுக்காக இருக்காது. ஒன்று நேற்றுத்தான் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்திருக்கும், அடுத்தது முழுக்கத் துருவாக இருக்கும். உங்களிடம் எட்டு வேகன் இருந்தால் இரண்டைப் புதிதாகவே விடுங்கள், ஒன்றை மிக மோசமாகச் செய்யுங்கள், மற்றவை நடுவில் இருக்கட்டும்.

என்னென்ன சாமான் வேண்டும்? ஏர்பிரஷ் இல்லாமல் முடியுமா?

முடியும். நான் முதல் பல வேகன்களைத் தூரிகையாலும் ஸ்பாஞ்சாலும்தான் செய்தேன். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் அக்ரிலிக் பெயின்ட் போதும்: கருப்பு, வெள்ளை, அடர் பழுப்பு, செங்காவி, ஆரஞ்சு. ஒரு தட்டைத் தூரிகை, ஒரு மெல்லிய தூரிகை, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் கிழித்த சிறு துண்டுகள். பவுடருக்கு சாஃப்ட் பேஸ்டல் குச்சிகளை உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்கிக்கொள்ளலாம். ஆயில் பேஸ்டல் வாங்கிவிடாதீர்கள், அது பொடியாகாது. கடைசியில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ். பவுடர் தேய்க்கும்போதும் ஸ்பிரே அடிக்கும்போதும் முகக்கவசம் அவசியம்.

ஒரு பாக்ஸ்என் வேகனைப் படிப்படியாகச் செய்வது எப்படி?

நிலக்கரி ஏற்றும் உயரமான திறந்த வேகன் பாக்ஸ்என். வெதரிங் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வேகன் இல்லை, ஏனென்றால் உள்ளேயும் வெளியேயும் வேலை இருக்கிறது.

முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தில் வேகனைக் கழுவிக் காயவையுங்கள். விரல் எண்ணெய் இருந்தால் பெயின்ட் ஒட்டாது. சக்கரங்களைக் கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள்.

அடுத்தது வெயில். வேகனின் சொந்த நிறத்தில் கொஞ்சம் வெள்ளையும் சாம்பலும் கலந்து, மிக நீர்த்த நிலையில் ஒரு பூச்சு. பளிச்சென்ற செங்காவி கொஞ்சம் மங்கினால் போதும். சிறிய பொருளில் நிறம் எப்போதும் அடர்த்தியாகத் தெரியும், அதனால் இந்தப் படியைத் தவிர்த்தால் மீதி வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பொம்மை போலத்தான் இருக்கும்.

பிறகு அழுக்குத் தண்ணீர். அடர் பழுப்பு ஒரு பங்கு, தண்ணீர் எட்டு முதல் பத்து பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. அந்தச் சொட்டு இல்லாவிட்டால் தண்ணீர் பிளாஸ்டிக்கின் மேல் தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நிற்கும். ஒரு பக்கம் முழுக்கப் பூசி, ஒரு நிமிடம் பொறுத்து, ஈர ஸ்பாஞ்சால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். மூலைகளிலும் பட்டைகளின் ஓரத்திலும் தங்குவதுதான் நமக்கு வேண்டும்.

காய்ந்ததும் துரு. ஸ்பாஞ்சுத் துண்டில் அடர் பழுப்பைத் தொட்டு, அதைக் காகிதத்தில் ஒற்றி, கிட்டத்தட்டக் காய்ந்த நிலையில் வேகனில் மெல்லத் தட்டுங்கள். வெல்டிங் ஓரம், கதவுக் கீல், மேல் விளிம்பு ஆகிய இடங்களில் அதிகம். இந்தப் பழுப்புத் திட்டுகளுக்குள் ஆங்காங்கே மட்டும் சிறு ஆரஞ்சுப் புள்ளிகள். பழைய துரு அடர் பழுப்பு, புதுத் துருதான் ஆரஞ்சு. முழுவதும் ஆரஞ்சாக அடிப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு.

வடிந்த கோட்டுக்கு மெல்லிய தூரிகையால் ஒரு புள்ளி வைத்து, ஈரமான தட்டைத் தூரிகையால் ஒரே இழுப்பாகக் கீழே இழுங்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு கோடு போதும்.

உள்பக்கம் தாராளமாகச் செய்யலாம். அடர்ந்த துரு நிறம், தரையிலும் மூலைகளிலும் கருப்பு, சரக்கு உரசிய கீறல்களுக்குச் சாம்பல் கலந்த பழுப்பு. உண்மையான நிலக்கரித் துண்டைப் பொடித்து மூலைகளில் கொஞ்சம் ஒட்டிவிட்டால் அதற்கு இணையான பெயின்ட் கிடையாது.

போகிக்கு மேட் பழுப்பு, அதன் மேல் பிரேக் தூள் நிறத்தில் பவுடர். சக்கரத்தின் முகத்துக்குப் பெயின்ட் அடியுங்கள், தண்டவாளத்தில் உருளும் பரப்பில் மட்டும் ஒரு துளிகூடப் படக்கூடாது. பட்டால் அது தண்டவாளத்தில் ஒட்டி எஞ்சினுக்குப் போகும் மின்சாரத்தைத் தடுக்கும், அழுக்கும் சேரும். பாக்ஸ்என்னில் இருப்பது ரோலர் பேரிங். பழைய காலத்து வேகன்களில் அச்சுப்பெட்டியிலிருந்து எண்ணெய் வழிந்த கறை இருக்கும், அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

வேகன் எண்ணும் பராமரிப்புத் தேதியும் எழுதிய கட்டத்தை மட்டும் கொஞ்சம் சுத்தமாக விடுங்கள். மற்ற இடம் அப்படியே இருக்க, அந்தக் கட்டத்தை மட்டும் புதிதாக அடித்து எழுதுவதை நிஜத்தில் நிறையப் பார்க்கலாம். இந்த ஒரு சிறு சதுரம் வேகனுக்கு ஒரு வாழ்க்கை வரலாற்றையே கொடுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: புதிய பாக்ஸ்என்எச்எல் வேகன்களின் உடல் துருப்பிடிக்காத எஃகு. அதில் கரி படியும், தூசி படியும். துருத் திட்டு போட்டால் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சிமென்ட் ஏற்றும் பிசிஎன் வேகனுக்கும் இதே முறைதானா?

அடிப்படை அதேதான், ஆனால் நிறம் வேறு. மூடிய வேகனுக்குள் மூட்டைகள் கதவு வழியாகப் போகின்றன. அதனால் வெளுத்த சாம்பல் தூள் கதவைச் சுற்றியும், கதவின் கீழ் விளிம்பிலும், அதற்கு நேர் கீழே உள்ள அடிச்சட்டத்திலும்தான் அதிகம். மழை பெய்தால் அது கெட்டியாகி, வெள்ளைக் கோடாக வடிந்து நிற்கும். கதவின் இரு பக்கமும் தொழிலாளர்களின் கையும் தோளும் பட்டு வழவழப்பாகியிருக்கும், அங்கே பவுடரை விரலாலேயே கொஞ்சம் துடைத்துவிடுங்கள். வெள்ளை பேஸ்டலில் சாம்பலும் ஒரு சிட்டிகை பழுப்பும் சேர்த்தால் சிமென்ட் நிறம் வரும். வெறும் வெள்ளை சுண்ணாம்பு அடித்தது போலிருக்கும்.

பெட்ரோல், டீசல் கொண்டுபோகும் பிடிபிஎன் டாங்கரில் மேலே மூடி இருக்கும் இடத்திலிருந்து வயிற்றில் வழிந்த கறையே முக்கியம். அந்தக் கறைக்கு மட்டும் மேட் வார்னிஷுக்குப் பிறகு கொஞ்சம் பளபளப்பு வார்னிஷ் தொட்டால் ஈரம் போலவே தெரியும்.

பயணிகள் பெட்டி, எஞ்சின்?

பயணிகள் பெட்டிகளை அடிக்கடி கழுவுகிறார்கள். ஐசிஎஃப் பெட்டியின் (சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலையின் பழைய வகை) பக்கவாட்டை ஓரளவு சுத்தமாக விட்டு, கூரை, முனைச் சுவர்கள், அடிப்பகுதி ஆகியவற்றை அழுக்காக்குங்கள். டீசல் எஞ்சினில் புகைபோக்கியைச் சுற்றிக் கரி, மின்சார எஞ்சினில் கூரையில், மேலே உள்ள மின்கம்பியைத் தொடும் பான்டோகிராஃப் உரசிய கருந்தூள். எஞ்சினில் குறைவாகச் செய்யுங்கள், மோட்டாருக்குள் பவுடர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வார்னிஷ் அடித்ததும் எல்லாம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. ஏன்?

காற்றில் ஈரம். ஐப்பசி மழை நாளில் மொட்டைமாடியில் ஸ்பிரே அடித்து, மூன்று வாரம் செலவழித்த வேகன் ஒன்று பாலாடை படிந்தது போல ஆனது எனக்கு. இன்னும் அது மனசில் இருக்கிறது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, ஈரம் படிந்து, வார்னிஷுக்குள் சிக்கிக்கொள்கிறது. மழை நாளிலும் அதிகாலையிலும் ஸ்பிரே வேண்டாம். வெயில் ஏறிய பிறகு, மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். பூத்துவிட்டால், நல்ல வறண்ட நாளில் அதே வார்னிஷை மிக மெல்லியதாக ஒருமுறை அடித்துப் பாருங்கள், பல நேரம் தெளிந்துவிடும்.

இன்னொரு புகாரும் வரும்: வார்னிஷ் அடித்ததும் பவுடர் பாதி மறைந்துவிட்டது என்று. அது இயல்பு. நான் வார்னிஷ் அடித்து, பவுடர் போட்டு, மறுபடி வார்னிஷ், மறுபடி பவுடர் என்று இரண்டு சுற்று செய்கிறேன். கையில் எடுக்காத இடங்களில் கடைசிச் சுற்றுப் பவுடரை வார்னிஷ் இல்லாமலே விட்டுவிடுகிறேன்.

அதிகமாகிவிட்டால் திரும்பப் பெறலாமா?

பவுடரை ஈரத்துணியால் துடைக்கலாம். அக்ரிலிக் முழுதாகக் காய்வதற்குள் தண்ணீரிலேயே போய்விடும். காய்ந்த பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் எடுக்கலாம், ஆனால் கம்பெனி பெயின்ட்டும் எழுத்தும் கூடவே வந்துவிடக்கூடும். முதலில் வேகனின் அடிப்பக்கத்தில் சோதித்துவிட்டு மேலே வாருங்கள்.

சரி, லேஅவுட்டுக்கு வருவோம். எந்த அளவு எடுப்பது?

இங்கே நம்மூர் அகலப்பாதைக்காரர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. எச்ஓ அளவு 1:87, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ., அது 1435 மி.மீ. பாதையைச் சுருக்கியது. நம் அகலப்பாதை 1676 மி.மீ., அதைச் சுருக்கினால் 19.3 மி.மீ. வரவேண்டும். அதாவது ஏறக்குறைய 3 மி.மீ. குறுகல். பெரும்பாலானவர்கள் இதை ஏற்றுக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள், நானும் அப்படித்தான். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது தெரியாது. மீட்டர்கேஜ் பிரியர்களுக்கு யோகம்: 1:87-க்கு 12 மி.மீ. தண்டவாளம் கிட்டத்தட்டச் சரியாகப் பொருந்தும். நீலகிரி மலை ரயில் மேல் ஆசை உள்ளவர்கள் இதை யோசிக்கலாம். இடம் ரொம்பக் குறைவென்றால் 1:160 என் அளவு, தண்டவாளம் 9 மி.மீ. ஆனால் அந்த அளவில் வெதரிங் செய்யக் கண்ணும் கையும் ரொம்ப நிதானமாக இருக்கவேண்டும்.

அலமாரி மேல் ஒரு பலகை வைக்கத்தான் இடம். அதில் என்ன செய்ய முடியும்?

நிறைய. வட்டமாகச் சுற்றிவரும் பாதைதான் லேஅவுட் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஆலன் ரைட் வடிவமைத்த இங்கிள்நுக் சைடிங்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. இரண்டே பாயின்ட் (பாதை பிரியும் இடம்), மூன்று சைடிங் (வேகன் நிறுத்தும் கிளைப்பாதை). ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. எதிர்ப்பக்கத்து நீட்டலில் எஞ்சினும் மூன்று வேகனும் மட்டுமே நிற்க முடியும். எட்டு வேகன்களில் ஐந்தைச் சீட்டுப் போட்டு எடுத்து, சீட்டு வந்த வரிசையிலேயே வண்டியைக் கோக்கவேண்டும். இதற்கு 6,720 விதமான வரிசைகள் உண்டு. வாழ்நாள் முழுக்க ஆடலாம்.

இதிலேயே சிறிய வடிவம் 3–2–2. ஐந்து வேகன், மூன்று வேகன் கொண்ட வண்டி, 60 வரிசைகள். இடத்தைப் பொறுத்தவரை, பாக்ஸ்என் ஒன்று எச்ஓவில் சுமார் 12.3 செ.மீ., பிசிஎன் சுமார் 17.7 செ.மீ., டபிள்யூடிஎம்-2 போன்ற டீசல் எஞ்சின் சுமார் 20 செ.மீ. இரண்டு சிறிய பாயின்ட்டுகளுக்கு 37 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள். பாக்ஸ்என் மட்டும் என்றால் 5–3–3 அமைப்பு ஏறக்குறைய 1.6 மீட்டரில் அடங்கும். பிசிஎன்னும் கலந்து ஓடவேண்டுமென்றால் அதே 1.6 மீட்டரில் 3–2–2 தான் வசதி. அகலம் ஒரு அடி போதும்.

ஆனால் நம்மூரில் சரக்கு வண்டி முழு ரேக்காகத்தானே ஓடுகிறது? ஒவ்வொரு வேகனாக யார் பிரித்துக் கோக்கிறார்கள்?

நல்ல கேள்வி. இது என்னை ரொம்ப நாள் உறுத்தியது. இன்று ஒரு பாக்ஸ்என் ரேக் என்றால் 58 வேகன், மொத்தமாக வந்து மொத்தமாகப் போகும். இங்கிள்நுக் போன்ற ஆட்டம் நாலு சக்கரச் சின்ன வேகன்கள் தனித்தனியாகப் புக் ஆகி ஓடிய காலத்துக்குத்தான் பொருந்தும். அந்தக் காலத்தையே எடுத்துக்கொள்வது ஒரு வழி.

நான் எடுத்த வழி சிக் லைன். ரேக்கில் ஒரு வேகனுக்குப் பிரேக் கோளாறோ சக்கரக் கோளாறோ வந்தால், பரிசோதகர் அதைக் கழற்றிவிடச் சொல்வார். கழற்றிய வேகன் பழுது பார்க்கும் சைடிங்குக்குப் போகும். அதுதான் சிக் லைன். சரியானதும் திரும்ப எடுத்துக் கோக்கவேண்டும். அங்கே பாக்ஸ்என், பிசிஎன், பிடிபிஎன், பிரேக் வேன் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு சைடிங் பழுதுக்கு, ஒன்று சரியானவை காத்திருக்க, நீளமானது அனுப்பிவைக்க. பலவகை அழுக்குள்ள வேகன்களை ஒரே பலகையில் காட்ட இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. பழுதான வேகனின் பக்கத்தில் வெள்ளைப் பென்சிலால் சாக்பீஸ் குறிப்பு போல நாலு எழுத்துக் கிறுக்கிவிட்டால் கதை முடிந்தது.

பலகைக்கு என்ன மரம்?

12 மி.மீ. பிளைவுட், கீழே சட்டம். எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) மலிவு, ஆனால் கடலோர ஊர்களின் ஈரத்தில் ஊதிவிடும். அடியிலும் ஓரத்திலும் மறக்காமல் பெயின்ட் அடியுங்கள். பாயின்ட்டை நகர்த்தும் மோட்டார் வைக்கப்போகிறீர்கள் என்றால், பாயின்ட்டுக்கு நேர் கீழே சட்டம் வராமல் முதலிலேயே கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

வயரிங் கஷ்டமா?

ஒரு எஞ்சின், இரண்டு பாயின்ட்டுக்குச் சாதாரண 12 வோல்ட் டிசி கன்ட்ரோலர் தாராளம். தண்டவாள இணைப்புத் தகடுகளை நம்பாமல் ஒவ்வொரு துண்டுக்கும் தனி வயர் சால்டர் செய்யுங்கள்.

ஜல்லிக்கும் மண்ணுக்கும் என்ன பயன்படுத்துவது?

கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்ட். கருங்கல் உடைத்ததுதான் அது. மாவுச் சல்லடையில் சலித்துத் தூளை நீக்கி, டீ வடிகட்டியில் நிற்கும் பெரிய துகள்களையும் எடுத்துவிட்டால், நடுவில் கிடைப்பது எச்ஓவுக்கு அருமையான ஜல்லி. தண்டவாளத்துக்கு நடுவில் பரப்பி, தண்ணீர் தெளித்து, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒரு சொட்டு பாத்திரத் திரவம் சேர்த்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். பாயின்ட்டின் அசையும் நாக்கில் பசை போகாமல் இருக்கவேண்டும். தண்டவாளத்தின் பக்கங்களுக்குத் துருப் பழுப்பு அடித்து மேல்பரப்பை மட்டும் துடைத்து எடுங்கள்.

நிலத்துக்கு அந்தந்த ஊர் மண்ணே சிறந்தது. வெயிலில் காயவைத்துச் சலித்த பிறகு, ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி மண்ணுக்குள் நாலைந்து முறை ஓட்டுங்கள். இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். அது இருந்தால் எஞ்சின் மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும். கடற்கரை மணல் வேண்டாம், அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துத் தண்டவாளத்தை அரிக்கும். காய்ந்த டீத்தூள், தேங்காய் நார் இரண்டும் நல்ல புதர், நல்ல காய்ந்த புல்.

வேகன் அடிக்கடி தடம் புரள்கிறது. தண்டவாளம் தப்பா, வேகன் தப்பா?

ஜல்லி ஒட்டுவதற்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இது. ஒரே இடத்தில் எல்லா வேகனும் புரண்டால் தண்டவாளம். எல்லா இடத்திலும் ஒரே வேகன் புரண்டால் அந்த வேகன், பெரும்பாலும் எடை குறைவு அல்லது சக்கர இடைவெளி. அமெரிக்காவின் மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ சொல்லும் கணக்கு: எச்ஓவில் 28 கிராமோடு, ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் 14 கிராம். பாக்ஸ்என்னுக்கு இது சுமார் 95 கிராம் வரும். காலி வேகன் என்றால் எடையை வேகனின் தரைக்கு அடியில் மறைக்கவேண்டும். ஈயத் துண்டு போட்டால் கையுறை போட்டு ஒட்டி, மேலே பெயின்ட் அடித்து மூடிவிடுங்கள்.

வெதரிங் முதலிலா, லேஅவுட் முதலிலா?

தண்டவாளம் முதலில், ஓடிப் பார்ப்பது அடுத்து, ஒரே ஒரு வேகனுக்கு வெதரிங் அதற்கடுத்து. அந்த வேகனைப் பலகையில் நிறுத்திவைத்துக்கொண்டு மண்ணின் நிறத்தைத் தீர்மானியுங்கள். நிலத்துக்குத் தூவும் அதே மண்ணை நன்றாகப் பொடித்து, கொஞ்சம் எடுத்து வேகனின் அடிச்சட்டத்திலும் போகியிலும் பவுடராகத் தடவுங்கள். என் யார்டில் எல்லா வேகனுக்கும் கடைசியாக அந்த ஒரு டப்பா மண்தான் போகிறது. அதற்கு முன்னால் வரை வேகன்கள் பலகையின் மேல் வைத்த பொருட்களாக இருந்தன, அதற்குப் பிறகுதான் அந்த ஊரில் நிற்கும் வண்டிகளாக ஆயின.